கல்லறை பெயர் சூட்டிய பாறை

கொல்கத்தாவில் புனித ஜான் தேவாலய வளாகத்துக்குள் எண்கோண மண்டபம் ஒன்று இருக்கிறது. அதனுள் இருப்பது 1693 ஜனவரியில் இறந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல். கருஞ்சாம்பல் நிறம். வங்கத்தில் வெட்டியதல்ல, நம் பல்லாவரம் பக்கத்துக் கல்!

கங்கை கொட்டிய வண்டல்மேல் எழுந்த ஊர் கொல்கத்தா. தோண்டினால் சேறும் மணலும்தான் வரும். 1820இல் ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன் சபையார் அங்கே தொடங்கிய கல்லறைத் தோட்டத்திலும் வெளியூர்க் கற்கள் நிற்கின்றன. சென்னைப் பக்கமோ நல்ல பாறையும் உண்டு, கப்பலும் உண்டு.

1893இல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, இந்தப் பாறை வகைக்கு ‘சார்னோக்கைட்’ என்று பெயரிட்டார். அண்டார்டிகாவில் கிடைத்தாலும் இன்று அதற்கு அதே பெயர்தான்.

பாறை பிறந்த கதை இன்னும் வியப்பானது. சாதாரண கிரானைட்டில் பெரும்பாலும் காக்காப்பொன் மின்னும். அதன் அணுக்கட்டுக்குள் நீரின் கூறு சிறைப்பட்டிருக்கும். சார்னோக்கைட்டின் அடையாளமோ ஹைப்பர்ஸ்தீன்: இரும்பும் மக்னீசியமும் கலந்த, நீர் துளியும் இல்லாத கனிமம். அப்படி வறண்டு உருவாக ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸ் வெப்பமும், 20 கிலோமீட்டரை ஒட்டிய ஆழமும் வேண்டும். விருத்தாசலத்திலிருந்து நெய்வேலிக்குப் போகும் தூரத்தை நேராகக் கீழ்நோக்கி நிறுத்திப் பாருங்கள், ஆழம் புரியும். இது நடந்தது சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன். மேலே இருந்ததெல்லாம் மழையிலும் காற்றிலும் தேய்ந்து போக, அடியாழத்துப் பாறை இன்று பரங்கிமலையில் வெயில் காய்கிறது.

புதிதாக உடைத்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய குவார்ட்ஸில் நீலம் ஓடும். பக்கத்தில் எண்ணெய்ப் பளபளப்போடு பசுமை படிந்த ஃபெல்ட்ஸ்பார்.

இந்த ஃபெல்ட்ஸ்பார் நமக்கு அந்நியமில்லை. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து, மழைநீர் லேசான அமிலமாகிறது. பாறைகளின் ஃபெல்ட்ஸ்பாரிலிருந்து பொட்டாசியத்தையும் சோடியத்தையும் அது கொஞ்சம் கொஞ்சமாக அரித்தெடுக்கும். மிஞ்சுவது கயோலின், அதாவது வெள்ளைக் களிமண். விருத்தாசலம் அருகிலுள்ள கம்மாபுரத்தைச் சுற்றியுள்ளவர்களுக்கு அதன் அருமையைச் சொல்லவே வேண்டாம். விருத்தாசலம் பீங்கான் பொம்மைக்கு மூலமே வெள்ளைக் களிமண்தான். பீங்கான் கலவையில் சிதையாத ஃபெல்ட்ஸ்பாரையும் பொடியாக்கிச் சேர்ப்பார்கள். சூளை 1,200 டிகிரியை நெருங்கும்போது அது உருகிக் கண்ணாடியாகி, களிமண் துகள்களின் இண்டு இடுக்கெல்லாம் பாய்ந்து கெட்டியாகப் பிணைத்துவிடுகிறது.