ஈரானியரின் நேர்ச்சைப் பாயசம்

ஈரான் நாட்டு இல்லங்களில் முஹர்ரம் 10 ஆஷூரா அன்றும், ஸபர் 20 அர்பயீன் அன்றும், ஸபர் 28 அன்றும் பெரும் பாத்திரமேற்றிக் காய்ச்சும் மஞ்சள் நிறப் பாயசத்திற்கு ‘ஷோலே ஸர்த்’ என்று பெயர். பார்சியில் ‘ஸர்த்’ என்றால் மஞ்சள். நம் விருந்துகளின் ‘ஜர்தா’வும் அச்சொல் வழி வந்ததே. நோய் தீர்ந்தால் இத்தனை கிண்ணம் வழங்குவேன் என்று நிய்யத்துச் செய்தவர், அதனைத் தீர்க்க வேண்டிய கடனாகவே கருதுகின்றார்.

அன்பு வாசகரே! இதில் பால் சேர்ப்பதில்லை. ஊறிய அரிசி ஒரு பங்குக்கு ஏழெட்டுப் பங்கு நீர் வார்த்து, நன்கு குழைந்த பின்னரே இரு பங்கு சீனி இடவேண்டும். அவசரப்பட்டு முந்தி இட்டால் அரிசி விறைத்துவிடும். பிறகு எவ்வளவு எரித்தும் பயனில்லை. சிறிது சீனியுடன் நுணுக்கி வெந்நீரில் ஊறவைத்த குங்குமப்பூ, வெண்ணெய், ஏலம், வாதுமைச் சீவல் சேர்த்து, இறுதியில் பன்னீர் விடுவர். அகப்பையை அண்டை வீட்டாரும் மாறி மாறி வாங்கிக் கிண்டித் தத்தம் துஆவைக் கேட்பர். ஆறியபின் கறுவாப்பட்டைத் தூளால் ‘யா ஹுஸைன்’ என்று மேலே எழுதுவர். எழுத்தழகில் போட்டியிடுவோரும் உளர். நேர்ச்சைக்கு அது நிபந்தனையன்று.

ஒரு கிராம் குங்குமப்பூவுக்கு ஏறத்தாழ 150 மலர்கள் வேண்டும். குராஸானில் அது விளைந்தும், அந்நாட்டு ஏழை எளிதில் வாங்கும் பொருளன்று. நேர்ச்சையை நிறைவேற்றுவோரையும், ஏழை, அநாதை, சிறைப்பட்டோருக்கு உணவளிப்போரையும் திருக்குர்ஆனின் 76ஆம் அத்தியாயம் அடுத்தடுத்தே குறிப்பிடுகின்றது. உறவினருக்குக் கிண்ணம் நிறையவும், வறியவருக்கு அடிப்பாத்திரம் வழித்தும் கொடுப்பது நேர்ச்சையாகுமா? பாயசம் ஆறினால் இறுகிவிடும்; சூட்டோடு ஊற்றிய முதற் கிண்ணங்கள் தெருக்கோடி ஏழை வீட்டுக்குச் செல்லட்டும், உறவினருக்கு மீதம் போதும்.