பழைய காரின் பெற்றோல் குழாய்

பலெர்மோவுக்குக் கிழக்கேயுள்ள மடோனியே மலைச்சாலைகளைப் புகழ்பெறச் செய்தது 'தார்கா புளோரியோ' கார்ப் பந்தயம். 1906இல் வின்சென்சோ புளோரியோ தொடக்கிய அது 1977இல் நின்றுபோனது. 1965, 1971, 1975 என மும்முறை வென்ற நீனோ வக்கரெல்லா, இந்நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். கரும்பலகையோடு வாழ்ந்த எம்போன்றோருக்கு இதில் தனி மகிழ்ச்சி.

அக்காலத்து அல்பா ரோமியோக்களை இன்றும் பேணுவோர் உளர். வெளியே மினுங்கும் காருக்குள் முப்பதாண்டு கடந்த றப்பர் குழாய் இருந்தால், அது மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு ஓடுவதாகும். றப்பர் முதுமையால் வெடிப்பது தெரிந்ததே. இன்றோ ஐரோப்பியப் பெற்றோலில் 10 வீதம் வரை எதனோல் கலந்திருக்கலாம். அது பழைய றப்பரை உள்ளிருந்தே கெடுக்கும். ஆகவே வெளித்தோற்றத்தை நம்பலாகாது. எதனோலைத் தாங்கும், அதே உள்விட்டமுடைய குழாய்களையே வாங்கவேண்டும். பெற்றோலை அழுத்தத்துடன் பீச்சும் இயந்திரமாயின் உயரழுத்தக் குழாயே பொருந்தும்; கார்புரேற்றருக்குரிய மலிவுக் குழாய் அங்கு தாங்காது. பழைய கிளிப்புகளையே மீளப் பூட்டுவது சிக்கனமன்று, கஞ்சத்தனம்.

கராஜ்களில் தொழில் செய்யும் நம் இளைஞர் கவனிக்கவேண்டியது இன்னொன்று. பெற்றோல் ஆவி காற்றினும் கனமானது. காருக்கடியிலுள்ள குழியில் கண்ணுக்குத் தெரியாமல் அது தேங்கும்; கைவிளக்கின் ஒரு பொறி போதும். முதலாளி அவசரப்படுத்தினாலும் குழிக்குள் இறங்கி இவ்வேலையைச் செய்யாதீர்கள். வதிவிட அனுமதிக்காக வாய்மூடிப் பழகியோருக்கு மறுத்துரைப்பது எளிதன்று என்பதை அறிவேன். திறந்த வெளியில், இயந்திரம் ஆறியபின், பற்றறியைக் கழற்றி, குழாயில் எஞ்சிய அழுத்தத்தைத் தணித்தே தொடங்குங்கள். பூட்டியபின் இயந்திரத்தை இயக்கி, ஒவ்வொரு மூட்டிலும் கசிவில்லை எனக் கண்ட பின்னரே காரைத் தெருவுக்கு எடுக்கலாம்.