போர்டு செத்துப்போச்சா? முதல்ல நடுவுல இருக்கிற சின்ன அடாப்டரைப் பாருங்க!

ஆன்லைனில் ஒரு கேமரா மாட்யூல் வாங்குகிறீர்கள். பெயர் ஈஎஸ்பி32-கேம். தீப்பெட்டியை விடச் சின்னது. அதற்குள் வைஃபை, புளூடூத், 2 மெகாபிக்சல் கேமரா, மெமரி கார்டு போட ஓர் இடம் என எல்லாம் இருக்கிறது. வாசல் கதவுக்கு ஒரு கேமரா செய்துவிடலாம் என்று ஆசையோடு பார்சலைப் பிரித்தால் முதல் அதிர்ச்சி: யூஎஸ்பி கேபிளைச் சொருக அதில் இடமே இல்லை.

அப்போ புரோகிராமை எப்படித்தான் உள்ளே ஏத்துறது?

இங்கேதான் 'யூஎஸ்பி டு சீரியல் அடாப்டர்' வருகிறது. ஒரு பக்கம் யூஎஸ்பி, மறுபக்கம் நாலைந்து பின்கள், நடுவில் ஒரு சிப். பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் புதிதாக எலெக்ட்ரானிக்ஸ் பழகுபவர்கள் 'போர்டு டெட்' என்று முடிவுகட்டி ஓரமாக வைக்கும்போது, பெரும்பாலும் போர்டு நன்றாகவே இருக்கும். கோளாறு இந்த அடாப்டர் பக்கம் இருக்கும். வயரை மாற்றிச் சொருகுவது, டிரைவர் இல்லாமல் இருப்பது எல்லாம் திருத்திக்கொள்ளக்கூடிய தப்புகள். வோல்டேஜில் தப்பு செய்தால் மட்டும் போர்டு நிஜமாகவே போய்விடலாம்.

நடுவில் எதற்கு ஒரு மொழிபெயர்ப்பாளர்?

மைக்ரோகன்ட்ரோலர்களுக்கு மிகச் சுலபமாக வரும் பேச்சு 'சீரியல்'. ஒரே வயரில் ஒவ்வொரு பிட்டாக அனுப்பும். சும்மா இருக்கும்போது வயர் 'ஹை' நிலையில் நிற்கும். பேச ஆரம்பிக்க ஒரு பிட் கீழே இறங்கும், அடுத்து 8 பிட் தகவல், கடைசியில் ஒரு நிறுத்தம். அவ்வளவுதான். ஒவ்வொரு பிட்டும் எவ்வளவு நேரம் என்று சொல்லத் தனி கடிகார வயர் கிடையாது. அதனால் இரண்டு பக்கமும் வேகத்தை முன்கூட்டியே ஒத்துக்கொள்ள வேண்டும். அதுதான் 'பாட் ரேட்'. 115200 என்று வைத்தால் ஒரு பிட்டுக்குச் சுமார் 8.7 மைக்ரோ விநாடி. ஒரு பக்கம் 9600, இன்னொரு பக்கம் 115200 என்றால் திரையில் கிறுக்கல் கிறுக்கலாக எழுத்துகள் வரும். ஒரு விதத்தில் அது நல்ல சகுனம்: வயர் சரி, வேகம்தான் தப்பு என்று அர்த்தம்.

யூஎஸ்பி அப்படி இல்லை. கம்ப்யூட்டர்தான் அங்கே முதலாளி. சொருகியதும் 'நீ யார், எந்தக் கம்பெனி?' என்று கேட்கும். சரியான அடையாள எண்ணைச் சொன்னால்தான் டிரைவர் தேடும், அப்புறம்தான் பேச்சு. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பதுதான் அடாப்டரின் வேலை. ஆர்டுயினோ ஊனோ பழகியவர்களுக்கு இது தெரியாமலே இருந்திருக்கும். ஏனென்றால் அந்த போர்டிலேயே மொழிபெயர்ப்புச் சிப் ஒட்டியிருக்கிறது. ஈஎஸ்பி32-கேமில் இடத்தையும் காசையும் மிச்சப்படுத்த அதைக் கழற்றிவிட்டார்கள்.

வோல்டேஜில் மட்டும் விளையாடாதீங்க

கடையில் 'யூஎஸ்பி டு சீரியல்' என்று மட்டும் கேட்டால், 9 பின் கொண்ட பெரிய கனெக்டரோடு ஒரு கேபிளைக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. அதுவும் சீரியல்தான், ஆனால் பழைய ஆர்எஸ்-232 ரகம். அதில் சிக்னல் பிளஸ் 15 முதல் மைனஸ் 15 வோல்ட் வரை போகலாம். நம் சிப்புக்குத் தெரிந்தது 0 முதல் 3.3 வோல்ட்தான். நேரடியாக இணைத்தால் கதை முடிந்தது. 'டிடிஎல்' என்று கேட்டு வாங்குங்கள்.

டிடிஎல் வாங்கியாச்சு, அப்போ பிரச்சினை தீர்ந்ததா? இன்னும் இல்லை. அடாப்டரில் 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று மாற்றிப் போட ஒரு குட்டி ஜம்பர் இருக்கும். கேமரா மாட்யூலுக்கு 5 வோல்ட் சப்ளை கொடுப்பது நல்லது என்பதால், பல வீடியோக்களில் 'ஜம்பரை 5-ல் போடுங்க' என்று சொல்லிவிடுகிறார்கள். சிக்கல் என்னவென்றால், பல அடாப்டர்களில் அதே ஜம்பர்தான் சிக்னல் பின்னின் அளவையும் தீர்மானிக்கிறது. அதாவது சப்ளையோடு சேர்ந்து சிக்னலும் 5 வோல்ட் ஆகிவிடும். ஈஎஸ்பி32 சிப்பின் பின்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. சிலருக்கு ஒன்றும் ஆகாமல் ஓடும், அதை வைத்து 'எனக்கு வேலை செஞ்சுதே' என்பார்கள். சிலருக்கு ஒரு வாரத்தில் அந்த பின் பேசாமல் போகும்.

சரி, 3.3-ல் போட்டு அதிலிருந்தே சப்ளையும் எடுத்துக்கொண்டால்? அதுவும் சரிப்படாது. பிரபலமான எஃப்டி232ஆர் சிப் தன் 3.3 வோல்ட் பின்னில் தரக்கூடியது அதிகபட்சம் 50 மில்லி ஆம்பியர். ஈஎஸ்பி32 வைஃபையில் அனுப்பும் நேரத்தில் 240 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். பாவம், தாங்காது. திரையில் 'பிரௌன்அவுட் டிடெக்டர்' என்று ஒரு செய்தி வந்து போர்டு திரும்பத் திரும்ப ரீசெட் ஆனால், மின்சாரம் பத்தவில்லை என்று அழுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

என் யோசனை: ஜம்பர் 3.3-லேயே இருக்கட்டும். மாட்யூலுக்கான 5 வோல்ட்டைத் தனியாக ஒரு நல்ல சார்ஜரிலிருந்து கொடுங்கள். அடாப்டரின் சப்ளை பின்னை இணைக்கவே வேண்டாம். ஆனால் மூன்றுக்கும் கிரவுண்டு பொதுவாக இருக்க வேண்டும். கிரவுண்டு சேராவிட்டால் 'எத்தனை வோல்ட்' என்பதற்கே அர்த்தம் கிடையாது.

உங்கள் அடாப்டர் எந்த ரகம் என்று சந்தேகமா? மல்டிமீட்டரை எடுத்து, டிஎக்ஸ் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே வைத்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது டிஎக்ஸ் 'ஹை'யில் நிற்கும் என்று சொன்னோம் இல்லையா? மீட்டரில் 3.3 வந்தால் தைரியமாக இணைக்கலாம். 5 காட்டினால் வேண்டாம்.

வயரைக் குறுக்கே போடுங்க

ஒருத்தர் வாய் இன்னொருத்தர் காதுக்குப் போக வேண்டும். அடாப்டரின் டிஎக்ஸ், போர்டின் ஆர்எக்ஸ்-க்கு. அடாப்டரின் ஆர்எக்ஸ், போர்டின் டிஎக்ஸ்-க்கு. கேமரா மாட்யூலில் இவை யூ0ஆர், யூ0டி என்று அச்சாகியிருக்கும். மாற்றிப் போட்டுவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் எரியாது, பேச்சு வராது, அவ்வளவுதான். திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

போர்டை இணைப்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்துவிடுங்கள். அடாப்டரின் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் இரண்டையும் ஒரு வயரால் ஒன்றோடொன்று இணைத்துவிட்டு, சீரியல் மானிட்டரில் ஏதாவது டைப் செய்து அனுப்புங்கள். அனுப்பியது அப்படியே திரும்பி வர வேண்டும். வயரைக் கழற்றினால் வரக்கூடாது. கேபிள், டிரைவர், சிப் மூன்றுமே சரி என்று இந்த ஒரே சோதனையில் தெரிந்துவிடும். நான் இதைச் செய்யாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் வீணாக்கியிருக்கிறேன். கடைசியில் பார்த்தால் அது சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள். உள்ளே டேட்டா வயரே கிடையாது!

கம்ப்யூட்டருக்குத் தெரியவே இல்லையா?

விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு அடாப்டரைச் சொருகி எடுத்துப் பாருங்கள். 'போர்ட்ஸ்' பட்டியலில் காம்3, காம்5 என்று ஏதாவது வந்து போக வேண்டும். மஞ்சள் முக்கோணம் வந்தால் டிரைவர் இல்லை. சிஎச்340, சிபி2102, எஃப்டி232, பிஎல்2303 என சிப்புக்குத் தக்கபடி டிரைவர் மாறும். சிப்பின் மேலேயே பெயர் பொடி எழுத்தில் இருக்கும், மொபைல் கேமராவில் ஜூம் செய்தால் படிக்கலாம்.

இதில் போலிச் சிப் என்ற பெரிய தலைவலியும் உண்டு. 2014 அக்டோபரில் நடந்தது இது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப்பைப் போலவே நகல் எடுத்த சிப்கள் சந்தையில் நிறைந்திருந்தன. அந்த நிறுவனத்தின் புது டிரைவர் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்தது. போலி என்று தெரிந்தால் அதன் அடையாள எண்ணையே பூஜ்ஜியமாக மாற்றி எழுதிவிட்டது. அப்புறம் லினக்ஸ், மேக் எதில் சொருகினாலும் சிப்பை அடையாளம் தெரியவில்லை. தான் வாங்கியது போலி என்றே தெரியாதவர்கள்தான் இதில் அதிகம் மாட்டினார்கள். எதிர்ப்பு வலுத்ததும் அந்த டிரைவர் விலக்கிக்கொள்ளப்பட்டது. 2016-ல் வந்த இன்னொரு டிரைவர், போலிச் சிப்பிலிருந்து வரும் தகவலுக்குப் பதிலாக 'அசல் சாதனம் அல்ல' என்ற ஆங்கில வரியைத் திணித்தது. நகல் எடுப்பது தப்புதான், சந்தேகமில்லை. ஆனால் தண்டனை வாங்கியவர் தலையில் விடிந்தது நியாயமாகப் படவில்லை. தைவானின் ப்ரோலிஃபிக் நிறுவனமும் பிஎல்2303 பழைய ரகங்களுக்குப் புது டிரைவரில் ஆதரவை நிறுத்தியது. அந்த எச்சரிக்கை வரியை டிவைஸ் மேனேஜரில் பார்ப்பவர்கள் இன்றும் உண்டு.

குறைந்த செலவில் தொல்லையில்லாமல் வேண்டுமா? அசல் பெயரிலேயே மலிவாகக் கிடைக்கும் சிஎச்340 அல்லது சிபி2102 போதும்.

லினக்ஸ்காரர்களுக்கு இரண்டு வார்த்தை. அனுமதி இல்லை என்று வந்தால் உங்கள் பயனர் பெயரை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்துவிட்டு, லாக்-அவுட் செய்து திரும்ப வாருங்கள். உபுண்டு 22.04-ல் சிஎச்340 வந்த வேகத்தில் காணாமல் போனால், பிரெய்ல் திரைகளுக்கான 'பிஆர்எல்டிடிஒய்' என்ற மென்பொருள் அதைத் தன்னுடைய கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறது. அதே கம்ப்யூட்டரில் யாராவது பிரெய்ல் திரை பயன்படுத்துகிறார்களா என்று கேட்டுவிட்டு அப்புறம் நீக்குங்கள்.

கடைசி வயர்

எல்லாம் சரி, ஆனால் அப்லோடு அழுத்தினால் 'கனெக்டிங்' என்று வந்து புள்ளியும் கோடுமாக ஓடிக்கொண்டே இருக்கிறதா? ஈஎஸ்பி32 தூங்கி எழும்போது ஐஓ0 பின் கிரவுண்டில் இருந்தால்தான் 'புது புரோகிராம் வரப்போகுது' என்று காத்திருக்கும். அந்த இரண்டு பின்களும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒரு வயரால் இணைத்துவிட்டு ரீசெட் பட்டனை அழுத்துங்கள், அப்புறம் அப்லோடு கொடுங்கள். நூறு சதவீதம் ஏறியதும் அந்த வயரைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை ரீசெட். ஆர்டுயினோவோடு வரும் கேமரா உதாரணப் புரோகிராமில் உங்கள் போர்டு மாடலையும் வைஃபை பெயர், பாஸ்வேர்டையும் சரியாகக் கொடுத்திருந்தால், 115200 வேகத்தில் திறந்த சீரியல் மானிட்டரில் ஓர் ஐபி முகவரி வந்து நிற்கும். அதே வைஃபையில் இருக்கும் உங்கள் மொபைல் பிரவுசரில் அதைத் தட்டிப் பாருங்கள்.