மரச்சீனி விளையில் ஒரு பூனைக் குடும்பம்

நாகர்கோவிலிலிருந்து காலை ரயிலில் திருவனந்தபுரத்துக்கு வேலைக்கு வருகிறவர்கள், பாறசாலை தாண்டியதும் இருபுறமும் மரச்சீனி விளைகளையும் வாழைத் தோட்டங்களையும் பார்த்திருப்பார்கள். விளையின் நடுவே ஓர் ஓட்டு வீடு, பக்கத்தில் மாட்டுத் தொழுவம், தொழுவத்துக் கூரையில் வெயில் காயும் ஒரு பூனை. ரயில் கடந்து போய்விடும். பூனைக்கு ஒரு வேலையும் இல்லை என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும்.

இப்படிப்பட்ட வீடுகளில் நாலைந்து பூனைகள் இருப்பது அதிசயமில்லை. எதுவும் விலை கொடுத்து வாங்கியதல்ல. ஏதோ ஒரு மழைக்காலத்தில் விறகுப் புரையில் ஒதுங்கிக் குட்டி போட்ட ஒரு தாயின் வம்சமே பெரும்பாலும் வீட்டைச் சுற்றி வரும். கறுப்பு, செவலை, வெள்ளை என மூன்று நிறமும் கலந்த பூனை இருந்தால் அது அநேகமாகப் பெண்ணாகவே இருக்கும். மூன்று நிறத்தில் ஆண் பிறப்பது மிக அபூர்வம். கடுவன்கள் வயது வந்ததும் ஊர் சுற்றக் கிளம்பிவிடும். வீட்டோடு நிற்பவை தாயும் மகள்களும்தான்.

காலையில் மீன்காரரின் ஹாரன் கேட்க வேண்டியதுதான் தாமதம், புரையிலிருந்து ஒன்று, வாழை மூட்டிலிருந்து இரண்டு என்று எல்லாம் வாசலுக்கு வந்துவிடும். "அண்ணா, பூச்சைக்கு நாலு சின்ன மீன் சேர்த்துப் போடுங்க" என்பாள் வீட்டுக்காரி. தமிழ் வீடானாலும், மலையாளி மீன்காரரிடம் பேசும்போது பூனை பூச்சையாகிவிடும். இதை மலையாளக் கலப்பு என்று கேலி செய்வோர் உண்டு. கேலிக்கு இடமில்லை. பூனைக்குப் 'பூசை' என்பது பழந்தமிழ்ப் பெயர். பாற்கடலைக் குடித்துத் தீர்க்கப் பார்த்த பூனையை அவையடக்கத்தில் கொண்டுவந்த கம்பரும் அதைப் பூசை என்றே சொல்கிறார்.

சாளைத் தலையும் குடலும் பூனைகளுக்குப் போகும். மிச்சக் கஞ்சியும் உண்டு. ஆனால் வெறும் சோற்றில் பூனை பிழைக்காது. மாமிசத்திலும் மீனிலும் உள்ள டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் அதன் கண்பார்வை கெடும் என்பதை 1970களில் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். பால் வைப்பது பெரிய உபசாரமாகக் கருதப்பட்டாலும், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது வயிற்றுப்போக்கைத்தான் தரும்.

மண்ணுக்குள் திருட்டு

பூனைக்கு இத்தனை மரியாதை எலியினால் வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்கம் காட்டிப் பரப்பிய பயிர் மரச்சீனி. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வராமல் நின்றபோது ஏழைகளின் வயிற்றைக் காத்ததும் அதுவே. ஸ்ரீகாரியத்தில் 1963இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இன்றும் அதை ஆராய்ந்து வருகிறது. கிழங்கு எட்டுப் பத்து மாதம் மண்ணுக்குள் கிடக்கும். எலி பக்கவாட்டில் வளை தோண்டிக் கூனைக்குள் நுழைந்து தின்றுகொண்டிருக்க, மேலே செடி பச்சையாகவே நிற்கும். பிடுங்கும் நாளில்தான் நஷ்டம் தெரியவரும். பாட்டப் பணம் கட்டிப் பயிரிட்டவனுக்கு அது சிறிய நஷ்டமல்ல.

பூனை இதை எவ்வளவு தடுக்கும்? நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஒரு குப்பைக் கிடங்கில் காமிரா வைத்து 79 நாள் கவனித்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். அத்தனை நாளில் பூனைகள் கொன்றவை இரண்டே எலிகள்! ஆனால் பூனை நடமாடிய நேரத்தில் எலிகள் வெளியே தலைகாட்டுவது குறைந்தது. நம் ஊர்ப் பெருச்சாளியிடம் பல பூனைகள் நெருங்குவதே இல்லை. சுண்டெலியும் எலிக்குஞ்சும் நிறைய அகப்படும். ஆகவே பூனையைக் கொலைகாரன் என்பதைவிடக் காவற்காரன் என்பது பொருந்தும்.

காவற்காரன் போதாது என்று தோன்றும்போது விஷம் வருகிறது. கடைகளில் கிடைக்கும் புரோமடியோலோன் கட்டி, இரத்தம் உறையாமல் செய்து எலியைக் கொல்வது. தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். ஓடமுடியாத எலியைப் பூனை சுலபமாகப் பிடித்துவிடும். எலியின் ஈரலில் உள்ள விஷம் பூனைக்குள் இறங்கும். இப்படி இரண்டு மூன்று எலிகள் தின்றால் பூனை சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், மூக்கிலோ மலத்திலோ இரத்தம் வரும். அப்போதே மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் வைட்டமின் கே-1 கொடுத்துக் காப்பாற்ற வழியுண்டு. ஆனால் அந்த மருந்தை வாரக்கணக்கில் தரவேண்டும்.

வீட்டுக்காரர் விஷம் வைக்காவிட்டாலும் அடுத்த விளைக்காரர் வைக்கக்கூடும். இந்த வேலி பூனைக்குத் தெரியாது. எலிக்கும் தெரியாது, ஒரு விளையில் மட்டும் எலியை ஒழித்தால் மறு விளையிலிருந்து வந்து சேரும். அதனால் அக்கம்பக்கத்தார் கூடிப் பேசி, ஒரே சமயத்தில் பொறி வைப்பதே நல்லது. விஷம் தவிர்க்கமுடியாது என்றால், அதை வளைக்குள்ளேயே வைத்து, தினமும் காலையில் செத்த எலிகளைத் தேடி எடுத்து ஆழமாகப் புதைக்கவேண்டும். கையுறையும் அவசியம், எலிப்பனி என்று மலையாளிகள் சொல்லும் எலிக்காய்ச்சல், எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்து காலின் சிறு புண் வழியாகவே ஏறிவிடும்.

கீறல்தானே என்று

குழந்தைகள் பூனைக்குட்டியை மடியில் வைத்து விளையாடுவார்கள். கீறினால் மஞ்சள் தடவி விடுவதோடு சரி. நாய்க்கடிக்கு ஓடுகிற அதே வீட்டில் பூனைக்கீறலை யாரும் பொருட்படுத்துவதில்லை. பேய்நாய்விஷம் பூனை மூலமும் வரும். அறிகுறி கண்டபின் பிழைப்பது இல்லையென்றே சொல்லலாம். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நகரத்தில் ஜெனரல் ஆஸ்பத்திரியில் ஊசி உண்டு. முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாள்களிலும் போடுவார்கள். கடித்த பூனையைப் பத்து நாள் கவனிப்பது வழக்கம்தான். ஆனால் விளைப் பூனை மூன்றாம் நாள் எங்கே இருக்கும் என்று யாரால் சொல்லமுடியும்? மூன்று மாதக் குட்டிக்கே தடுப்பூசி போட்டுவிட்டால் இந்தக் கவலை குறையும்.

இன்னொரு சிக்கல் குட்டிகள். சினைக்காலம் ஒன்பது வாரம்; வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈற்று. ஐந்தாறு மாதத்தில் குட்டியே தாயாகிவிடும். அதிகமானால் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவரும் பழக்கம் இன்னும் சில இடங்களில் போகவில்லை. பாவம், தாய் இரண்டு நாள் புரையைச் சுற்றிக் கத்தும். கருத்தடை அறுவையைப் பலர் வீண்செலவு என்கிறார்கள். சாக்கோடு அலைகிற பாட்டைக் கணக்கிட்டால் அப்படித் தோன்றாது.

கிழங்கு பிடுங்கும் நாளில் இந்தக் குடும்பம் முழுவதையும் விளையில் ஒருங்கே காணலாம். மண்வெட்டி விழும் கூனையைச் சுற்றி நாலைந்தும் உட்கார்ந்திருக்கும். மூடு பெயர்ந்து வளை திறந்ததும் எலி பாயும். அதன் பின்னே பூனையும் பாயும். பிடுங்குகிறவர் கொஞ்சம் ஒதுங்கி நின்று, அடுத்த கூனைக்குப் போவார்.