சூறாவளி வருஷம்: காற்று ஓய்ந்ததும் வெளியே போகாதீர்கள்

கிழக்கு மாகாணத்தில் பிள்ளை பிறந்த ஆண்டையும் கலியாணம் நடந்த ஆண்டையும் "சூறாவளிக்கு முந்தி", "சூறாவளிக்குப் பிந்தி" என்று கணக்குச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது 1978 நவம்பர் 23 ஆம் திகதி வியாழக்கிழமை வீசிய சூறாவளியை. அன்று பத்து வயதுச் சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டார்கள். அவர்களுக்குப் பின் அந்த இரவைப் பற்றி நேரில் கண்டு சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.

சூறாவளியின் மையம் மட்டக்களப்புக்கு அருகில் கரையைக் கடந்தது. மட்டக்களப்பு, அம்பாறை, பொலன்னறுவை மாவட்டங்கள் பெரும் பாதிப்புக்குள்ளாயின. ஏறத்தாழ 915 பேர் உயிரிழந்தார்கள். பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டார்கள். சுமார் 2,50,000 வீடுகளும் 240 பாடசாலைக் கட்டடங்களும் சேதமடைந்தன. மட்டக்களப்பில் இருந்த 11 நெற்களஞ்சியங்களில் 9 அழிந்தன. மீன்பிடி வள்ளங்களில் ஐந்தில் ஒன்று இல்லாமற் போனது.

அந்த இரவைக் கண்ட மூத்தவர்கள் பலரும் ஒரு விடயத்தைச் சொல்வார்கள். பேய்க்காற்று அடித்துக்கொண்டிருக்கையில் திடீரென்று எல்லாம் அமைதியானது. முடிந்துவிட்டது என்று வெளியே வந்து பார்த்தவர்களும் உண்டு. சற்று நேரத்தில் காற்று மறு பக்கத்திலிருந்து திரும்பி வந்தது.

இதற்கான விளக்கம் எளிமையானது. சூறாவளி என்பது ஒரு மையத்தைச் சுற்றிச் சுழலும் காற்று. நமது வடவரைக்கோளத்தில் அது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். அதன் நடுவே "கண்" எனப்படும் அமைதியான பகுதி உண்டு. கிழக்கே கடலிலிருந்து மேற்கு நோக்கி வரும் சூறாவளியின் பாதையில் ஓர் ஊர் இருந்தால், முதலில் வடக்குப் பக்கத்திலிருந்து காற்று அடிக்கும். கண் கடக்கும்போது அமைதி வரும். கண் கடந்தபின் தெற்குப் பக்கத்திலிருந்து அதே வேகத்தில் காற்று அடிக்கும். முதல் காற்றில் ஆட்டங்கண்ட சுவரும் சாய்ந்த மரமும் இரண்டாவது காற்றில்தான் விழும். ஆகவே நடுவில் வரும் அமைதியை நம்பி வெளியே போகக் கூடாது. நமது பிள்ளைகள் சூறாவளியைப் பற்றி ஒன்றை மட்டும் படிப்பதானால் இதைத்தான் படிக்க வேண்டும்.

இன்னொன்றையும் விளங்கிக்கொள்ள வேண்டும். சூறாவளி சுழல்வதற்குப் பூமியின் சுழற்சி உதவுகிறது. மத்திய கோட்டுக்கு அருகில் அந்த உதவி மிகக் குறைவு. இலங்கை அதற்குப் பக்கத்தில் இருப்பதால் பலமான சூறாவளி இங்கே நேரடியாகத் தாக்குவது அரிது. நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான் ஆபத்து அதிகம். 1964 டிசம்பரில் வடக்கையும், 1978 நவம்பரில் கிழக்கையும், 2000 டிசம்பரில் திருகோணமலைப் பகுதியையும் சூறாவளி தாக்கியது. ஆண்டுதோறும் வருவதற்கு மக்கள் தாமாகவே பழகிக்கொள்வார்கள். எப்போதாவது வருவதை மறந்துவிடுவார்கள். நினைவுகூருதல் இங்கே அவசியமாவது அதனால்தான்.

மீட்சியையும் நாம் சரியாக நினைவுகூர வேண்டும். அரசாங்கம் நிவாரணத்துக்காக 60 கோடி ரூபாவுக்கும் மேல் செலவிட்டது. மின்கம்பிகள் மீண்டும் இழுக்கப்பட்டன, பாடசாலைகள் திருத்தப்பட்டன. ஆனால் மட்டக்களப்பு மாவட்டத்துத் தென்னையில் சுமார் 90 வீதம் அழிந்திருந்தது. வளவில் நின்ற தென்னைதான் அன்றைய குடும்பத்துக்குத் தேங்காய், எண்ணெய், வேலி, விறகு, கூரைக்கான கிடுகு எல்லாம். நமது நாட்டு நெட்டைத் தென்னை காய்க்க ஆறு, ஏழு ஆண்டுகளாவது செல்லும். 1979 இல் கன்று வைத்தவர் முதற்காய் பறிக்கும் காலத்துக்குள் கிழக்கில் யுத்தம் தொடங்கிவிட்டது. நிவாரணப் பொதி சில வாரங்களில் முடிந்துபோகும். இழந்த வருமானம் திரும்பிவர ஒரு பிள்ளை முதலாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்புக்கு வரும் காலம் எடுக்கும். அனர்த்தம் நடந்த ஊருக்கு உதவ நினைப்பவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைக்க வேண்டும்.

அன்று நாட்டில் தொலைக்காட்சியே இல்லை. அது வந்தது 1979 இல். வானொலி கேட்டவருக்கு மட்டுமே செய்தி கிடைத்தது. அனர்த்த முகாமைத்துவச் சட்டம் சுனாமிக்குப் பின் 2005 இல்தான் வந்தது. இன்று கையில் தொலைபேசி இருக்கிறது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கம் இருக்கிறது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் கோயில் ஒலிபெருக்கியும் சில நிமிடங்களில் ஊரை எழுப்பிவிடும். ஆனால் எச்சரிக்கை வந்தால் எங்கே போவது என்பது எத்தனை வீடுகளில் பேசப்பட்டிருக்கிறது?

மரணித்தவர்களுக்காகப் பிரார்த்திப்பது நமது கடமை. அத்துடன் ஒவ்வொரு நவம்பர் 23 ஆம் திகதியும் பாடசாலைக் காலைக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கலாம். அந்த இரவைக் கண்ட ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்துப் பேசவைக்கலாம். அவர் சொல்வதை மாணவர்கள் எழுதிவைக்கட்டும். அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய், கூரைக்கு மேல் சாய்ந்திருக்கும் கிளை எது, பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் எங்கே இருக்கின்றன, பக்கத்திலுள்ள உறுதியான கட்டடம் எது என்று மூன்று கேள்விகளைப் பெற்றோரிடம் கேட்கட்டும். இதற்குப் பணம் தேவையில்லை, சுற்றுநிருபம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை.