படம் வருது... சத்தம் வரலை!

போன தீபாவளி. கோவை சாய்பாபா காலனியில் ஒரு மொட்டைமாடி அறை. சுற்றிலும் ஏழு ஸ்பீக்கர், சீலிங்கில் நாலு, மூலையில் சின்ன பீரோ சைஸில் ஒரு சப்வூஃபர். மச்சான், சகலை, குழந்தை குட்டிகள் என்று பதினாலு பேர் கையில் முறுக்கோடு உட்கார்ந்திருக்கிறார்கள். விளக்கு அணைகிறது. திரையில் ஹீரோ வாயைத் திறக்கிறார். சத்தம் இல்லை.

வீட்டுக்காரர் கேபிளைப் பிடுங்கிச் சொருகுகிறார். இப்போது சத்தம் வருகிறது, படம் போய்விட்டது. இன்னொரு தடவை சொருகியதில் இரண்டுமே போயின. இருட்டில் சகலையின் குரல் மட்டும் துல்லியமாகக் கேட்டதாம்: “எங்க வீட்ல சாதா சவுண்ட்பார்தானுங்க சகல. ஆன் பண்ணுனா பாடுதுங்க.”

ஸ்பீக்கர்கள் மேல் குற்றமில்லை. பவர் ஆம்ப் மேலும் இல்லை. படத்தையும் சத்தத்தையும் வாங்கிப் பிரித்து அனுப்ப எல்லாவற்றுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த ப்ரீஆம்ப் அன்றைக்குக் கோபித்துக்கொண்டுவிட்டது. விலை இரண்டரை லட்சம்.

‘வீட்டுக்குள்ளே தியேட்டர்’ என்று கலகலப்பாக ஒரு கட்டுரை வேண்டும் என்றுதான் ஆசிரியர் குழுவில் சொன்னார்கள். நானும் அந்த எண்ணத்தோடுதான் ப்ரீஆம்ப் வைத்திருப்பவர்களைத் தேடிப் போனேன். எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கும் ரிசீவரைக் கழித்துவிட்டு ப்ரீஆம்ப் தனி, பவர் ஆம்ப் தனி என்று பிரித்துக்கொண்டவர்கள் இவர்கள். ஏன் பிரித்தார்கள் என்று இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் யாரிடம் பேச்சை ஆரம்பித்தாலும் கால் மணி நேரத்தில் அது ரிப்பேர் கடை வாசலில் போய் நின்றது.

குக்கர் விசிலும் குட்டி மைக்கும்

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியோடு ஒரு குட்டி மைக் வருகிறது. உட்காரும் இடத்தில் காது உயரத்துக்கு அதை நிறுத்தி, எட்டு இடங்களுக்கு மாற்றி மாற்றி வைக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்பீக்கரும் முறை வைத்து ஒரு கீச்சல் விடும். அதைக் கேட்டு, எந்த ஸ்பீக்கர் எத்தனை அடி தூரம், எந்த மூலையில் பாஸ் தேங்கி நிற்கிறது என்று ப்ரீஆம்ப் கணக்குப் போட்டுச் சரிசெய்யும். அந்த நேரம் ஃபேன் ஓடக் கூடாது, ஏசி ஓடக் கூடாது, யாரும் தும்மக் கூடாது.

சென்னை அண்ணா நகர் டாக்டர் ஒருவர் ஆறாவது இடத்தில் மைக்கை வைத்தபோது அடுப்படியில் குக்கர் மூன்று விசில் விட்டது. கடைசியில் பார்த்தால் வலப்பக்க ஸ்பீக்கர் இருபத்தெட்டு அடி தூரத்தில் இருப்பதாக ப்ரீஆம்ப் தீர்ப்பு எழுதியிருக்கிறது. அறையின் நீளமே பதினாறு அடி! இப்போதெல்லாம் இரவு இரண்டு மணிக்குத்தான் அளவெடுக்கிறார், தெருநாய்கள் ஒத்துழைத்தால்.

ஆனால் பலன் உண்டு என்று சத்தியம் செய்கிறார். “வசனம் கேக்கலைனு கூட்டுவேன், சண்டை வந்ததும் குறைப்பேன். படம் முடியற வரைக்கும் ரிமோட் கையிலயே இருக்கும். இப்ப ரிமோட் எங்க கிடக்குதுன்னே தெரியலை.”

சுவரில் ஒட்டிய காகிதம்

கோவைக்காரரின் அறையில், சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. அவர் கையெழுத்தில் ஆறு வரிகள். ‘1. புரொஜெக்டர் ஆன். 2. நூறு எண்ணவும். 3. ப்ரீஆம்ப் ஆன். 4. நீல விளக்கு நிற்கும் வரை எதையும் தொடாதே...’ இப்படிப் போகிறது. ஏழாவது வரி மட்டும் அவர் மனைவியின் கையெழுத்து: ‘7. கீழே வந்து டி.வி.யில் பார்க்கவும்.’

இந்தச் சடங்குக்குக் காரணம் ஹெச்டிஎம்ஐ. அந்தக் கேபிளில் இணைந்த பெட்டிகள் ஒவ்வொரு தடவையும் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும். நீ யார்? 4கே காட்டுவாயா? திருட்டு நகல் எடுக்க மாட்டாய் என்பதற்கு அத்தாட்சி உண்டா? பிளேயருக்கும் புரொஜெக்டருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ப்ரீஆம்ப், கல்யாணத் தரகர் மாதிரி இரண்டு வீட்டுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு பக்கம் பதில் தாமதமானால் சம்பந்தம் முறிந்தது.

இந்த விசாரணையின் சட்டங்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஹெச்டிஎம்ஐ வந்தது 2002-ன் கடைசியில். 2006-ல் 1.3, 2009-ல் 1.4, 2013-ல் 2.0, 2017-ல் 2.1. நடுவில் 2014-ல் டால்பி அட்மாஸ் ஒலி வீட்டுக்குள் நுழைந்தது. ஒவ்வொரு படியிலும் முந்தைய ப்ரீஆம்ப், கெட்டுப்போகாமலேயே கிழடாகிப்போனது. ‘குருதிப்புனல்’ டால்பி ஒலியோடு வந்த 1995-ல் வாங்கிய ஸ்பீக்கரை இன்றைக்கும் மாட்டிக் கேட்கலாம். 2010-ல் வாங்கிய ப்ரீஆம்ப்பில் 4கே பிளேயரைச் சொருகினால் 4கே படம் திரைக்கு வந்து சேராது.

கரன்ட் போன நேரம்

மதுரையில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர். பி.எஃப். பணத்தில் கொஞ்சம் எடுத்து வாங்கிய ப்ரீஆம்ப். ஒருநாள் திரையில் ‘புதிய மென்பொருள் தயார்’ என்று வந்தது. சரி என்று அமுக்கினார். பாதியில் கரன்ட் போனது. கரன்ட் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது, ப்ரீஆம்ப் வரவில்லை. “வீட்ல இன்வெர்ட்டர் இருக்கு தம்பி. லைட்டுக்கும் ஃபேனுக்கும்தான் போட்டிருந்தேன். அந்தப் பெட்டிக்குப் போடணும்னு யாரும் சொல்லலையே.”

அவரிடம் யாரும் சொல்லாதது இன்னொன்றும் உண்டு: சூடு. இந்தப் பெட்டிகளுக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களில் பல 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் ரகம். சூடு ஒவ்வொரு பத்து டிகிரி குறையும்போதும் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தொழில் கணக்கு. 65 டிகிரியில் அதே கெப்பாசிட்டருக்கு 32,000 மணி நேரம். தினம் நாலு மணி நேரம் படம் பார்த்தால் இருபது வருடத்துக்கு மேல். கண்ணாடிக் கதவு போட்ட டி.வி. அலமாரிக்குள் வைத்துப் பூட்டி 85 டிகிரிக்கு ஏற்றினால் 8,000 மணி நேரம், ஐந்தரை வருடம். அழகுக்காகப் போட்ட கதவு ஆயுளில் முக்கால்வாசியைத் தின்றுவிடுகிறது.

கதவு இல்லாவிட்டால் பல்லி வரும். மார்கழிக் குளிருக்கு இதமாக மேல்தட்டின் ஓட்டை வழியே இறங்கி, பவர் சப்ளை மேல் படுத்து, தானும் செத்துப் பெட்டியையும் சாகடித்த கதையை என்னிடம் மூன்று பேர் சொன்னார்கள். ஒருவர் இப்போது கொசுவலைத் துணியைச் சதுரமாக வெட்டி மேலே ஒட்டிவைத்திருக்கிறார்.

என் பெட்டியின் கதை

எனக்கும் ஒன்று இருந்தது. ஆறாவது வருடம் படம் விட்டு விட்டு வந்தது, பிறகு நின்றே போனது. பதினாலு கிலோ. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். “ஹெச்டிஎம்ஐ போர்டு போயிருச்சு சார். போர்டு வரணும்” என்றார்கள். பதினோரு வாரம் வரவில்லை. பன்னிரண்டாவது வாரம் போன் வந்தது. “அந்த மாடலே நிறுத்தியாச்சு சார். எக்ஸ்சேஞ்சுல புதுசு எடுத்துக்கங்க.”

அங்கிருந்து சென்னை ரிச்சி தெரு. மாடிப்படிக்குக் கீழே ஒரு பெஞ்சும் ஒரு சால்டரிங் அயர்னுமாக உட்கார்ந்திருக்கும் மெக்கானிக் அண்ணன், மூடியைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தார். அரிசி மணியைவிடச் சின்னச் சின்ன ஈயக் குண்டுகள் மேல் ஒரு சிப். சூட்டில் விரிந்து சுருங்கி விரிந்து சுருங்கி அந்தக் குண்டுகளில் விரிசல். சூடான காற்றை அடித்து அவற்றை உருக்கி ஒட்டவைத்தார். நாலு மாதம் ஓடியது. மறுபடி போனபோது கை விரித்துவிட்டார்.

“பழைய ரேடியோப் பெட்டியத் திறந்தீங்கன்னா மூடிக்கு உள்பக்கம் சர்க்யூட் படத்தையே ஒட்டியிருப்பான் சார். ‘கெட்டா சரி பண்ணிக்கோ’ன்னு அர்த்தம். இதுல படமும் இல்ல, சிப்பும் கிடைக்காது. நான் என்ன பண்றது?”

தொழில்நுட்பம் ஓடிக்கொண்டேதான் இருக்கும், போனை மூணு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிறவர்கள் இதற்கு மட்டும் ஏன் புலம்புகிறார்கள் என்று ஷோரூம்காரர் ஒருவர் கேட்டார். போர்டை மட்டும் கழற்றி மாற்றக்கூடிய ப்ரீஆம்ப்கள் இருக்கின்றன என்றும் சொன்னார். இருக்கின்றன, கார் வாங்கும் விலையில்.

ஐரோப்பாவில் 2021 மார்ச்சிலிருந்து, டி.வி. தயாரிப்பவர்கள் குறைந்தது ஏழு வருடம் உதிரி பாகம் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. பிரான்சில் அதே ஆண்டில் டி.வி., லேப்டாப், வாஷிங் மெஷினுக்கெல்லாம் ‘எவ்வளவு சுலபமாக ரிப்பேர் செய்யலாம்’ என்று பத்துக்கு மார்க் போட்டு ஒட்டச் சொன்னார்கள். நம் ஊரில் 2022-ல் ரிப்பேர் உரிமைக்கென ஒரு குழு அமைந்தது, ஓர் இணையதளமும் வந்தது. ப்ரீஆம்ப் வாங்கப் போகிறவர் டெமோ அறையில் கண்ணை மூடிச் சத்தம் கேட்பதற்கு முன்னால் கண்ணைத் திறந்து ஒரு கேள்வி கேட்டால் போதும்: “ஏழாவது வருஷம் இதுக்குப் போர்டு கிடைக்குமா? எழுதித் தருவீங்களா?” நான் விசாரித்த ஐந்து கடைகளில் காபி கொடுத்தார்கள், எழுதித் தரவில்லை.

என் பெட்டியை மெக்கானிக் அண்ணனிடமே விட்டுவிட்டேன். உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்காவது ஆகும் என்றார். போன வாரம் அந்தப் பக்கம் போனேன். பெஞ்ச் மேல் அது இருந்தது. அதன் முதுகின் மேல், ஏதோ ஊர்க் கோயிலிலிருந்து வந்த நாற்பது வருடத்து மைக் செட் ஆம்ப்ளிஃபயர். இரண்டு கெப்பாசிட்டர் மாற்றினாராம். கணீரென்று பாடிக்கொண்டிருந்தது. “உயரம் கரெக்டா இருக்கு சார்” என்றார், என் பெட்டியைத் தட்டிக்காட்டி.