மடிக்குள் மாறும் கணக்கு

குஜராத்தின் ஆனந்த் வட்டாரக் கிராமங்களில் விடிந்தும் விடியாமலே பால் கூட்டுறவுச் சங்க வாசலில் வரிசை கட்டிவிடுகிறார்கள் பெண்கள். 1946இல் கேடா சங்கம் பிறந்த மண் இது. தூக்குவாளியிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதித்து, கொழுப்பு எவ்வளவு, மற்ற திடப்பொருள் எவ்வளவு என்று பார்த்துத்தான் காசு. அதே எருமை, அதே தீவனம். ஆனால் ஜனவரிக் கணக்கும் மே மாதக் கணக்கும் ஒத்துப்போவதில்லை. சந்தேகம் அளக்கிறவர் மேல் விழும். பல சமயம் காரணம் மடியில் இருக்கிறது.

ஈன்றதும் முதல் கறவையில் வரும் சீம்பாலைப் பால் என்று சொல்வதே தப்பு. பசுவின் சீம்பாலில் புரதம் சுமார் 14 சதவீதம். சில நாளில் அது மூன்று சொச்சத்துக்கு இறங்கிவிடும். அதிகப்படியாக இருப்பது பெரும்பாலும் நோயெதிர்ப்புப் புரதம். சூடு பட்டதும் கட்டியாகும் குணம் அதற்கு. மகாராஷ்டிரத்தில் வெல்லம், ஏலக்காய் போட்டு வேகவைக்கும் 'கர்வஸ்' உறை ஊற்றாமலே இறுகுவது இதனால்தான்.

ருசிதான். ஆனால் அது கன்றின் பங்கு. தாயின் ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடி வழியே கன்றுக்குப் போவதில்லை. சீம்பால்தான் ஒரே வழி. அதுவும் பிறந்து ஒரு நாள் ஆனதும் குடல் கதவு சாத்திக்கொள்ளும். முதல் சில மணி நேரத்தில் குடிக்காத கன்று கழிச்சலுக்கும் நிமோனியாவுக்கும் சுலப இரை. எருமைக் கிடாக் கன்று என்றால் பல வீடுகளில் கேட்கவே வேண்டாம்.

பிறகு பால் பெருகப் பெருகப் புரத விகிதம் சரிகிறது. கறவை உச்சத்தைத் தொடும் இரண்டாம் மாதவாக்கில் அது அடிமட்டம். அப்புறம் பால் குறைய, புரதமும் கொழுப்பும் ஏறும். கருவியில் எண் அழகாக இருக்கும். வாளி பாதிதான் இருக்கும்.

அந்த எண்ணிலும் ஒரு சூது உண்டு. வற்றும் காலத்தில் ரத்தத்திலிருந்து பிளாஸ்மின் என்ற நொதி பாலில் அதிகம் கலந்து கேசினைச் சிதைக்கிறது. தயிர், பனீர், சீஸ் எல்லாம் கேசினை நம்பித்தான். மொத்தப் புரதம் கூடியும் சீஸ் தளர்வதன் ரகசியம் இது. பாலில் லேசான உப்புக் கரிப்பும் தட்டும். பல வீட்டுப் பால் ஒரே தொட்டியில் கலப்பதால் குறை மறைந்துவிடுகிறது. ஆனால் நம் எருமைகளில் பெரும்பாலானவை மழைக்காலத்துக்கும் குளிர்காலத்துக்கும் இடையில் ஈனுபவை. கோடையில் அவை சேர்ந்தே வற்றுகின்றன.

அடுத்த ஈற்றுக்கு 2 மாதம் முன்பே கறப்பதை நிறுத்தச் சொல்கிறார்கள் கால்நடை மருத்துவர்கள். கடைசிச் சில வாரங்களில்தான் ஆன்டிபாடிகள் ரத்தத்திலிருந்து மடிக்கு வந்து சேர்கின்றன. ஒற்றை எருமை வைத்திருப்பவருக்கு அந்த 2 மாதமும் தீவனச் செலவு உண்டு, வரவு கிடையாது.